அழித்த படமும் அழியாத சாட்சியும்

தமிழ்நாட்டு சர்க்காரின் முத்திரையில் ஒரு கோபுரம் நிற்கிறது. "அது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்" என்று இந்த ஜில்லாவில் பள்ளிக்கூடப் பையன் கூடச் சொல்வான். "இல்லை, மதுரை மேலக் கோபுரம்" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த வழக்குக்கு நாம் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கோபுரம் எந்த ஊருடையதானாலும், முத்திரையில் பொறித்திருக்கும் 'வாய்மையே வெல்லும்' என்ற இரண்டு வார்த்தைகளைப் பற்றி யாருக்கும் தகராறு இல்லை.

வாய்மை வெல்லட்டும்; சந்தோஷம். ஆனால் வாய்மைக்குச் சாட்சி சொல்லுவதற்கென்றே சுவரில் மாட்டி வைத்த யந்திரத்தின் வாயை ஒருவர் அடைத்துவிட்டால் அப்போது என்ன செய்வது?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் ஒரு சமயம் பெரும் புயலைக் கிளப்பிற்று. அந்நாட்டு உளவு ஸ்தாபனமாகிய சி.ஐ.ஏ. 2002-ம் வருஷத்தில் தாய்லாந்தில் ஓர் இரகசியச் சிறை வைத்திருந்தது. அங்கே அபு ஸுபைதா, அல் நஷீரி என்ற இரு கைதிகளை விசாரித்ததை வீடியோப் படமாக எடுத்தார்கள். விசாரணை என்றால் சாதாரண விசாரணையன்று. மனிதனை மல்லாக்கக் கட்டிப் போட்டு, முகத்தில் துணியை மூடி, அதன்மேல் தண்ணீரை ஊற்றி, மூழ்கிச் சாகிறவனுடைய தவிப்பை உண்டாக்குவது ஒரு முறை. அபு ஸுபைதாவுக்கு 2002 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 83 தடவை இந்த உபசாரம் நடந்தது. படம் பிடித்த நாடாக்கள் மொத்தம் 92. அவ்வளவையும் 2005 நவம்பரில் அழித்துவிட்டார்கள். உத்தரவிட்டவர் ஸ்தாபனத்தின் இரகசியப் பிரிவுத் தலைவர் ஜோஸ் ரோட்ரிகஸ்.

இரண்டு வருஷம் கழித்து, 2007 டிசம்பரில், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விஷயத்தை அம்பலப்படுத்திற்று. ஸ்தாபனத்தார் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? படத்தில் தெரியும் உத்தியோகஸ்தர்களுடைய முகம் பகைவர்களுக்குத் தெரிந்துவிட்டால் அவர்கள் உயிருக்கு ஆபத்தாம்! முகத்தை மட்டும் மறைப்பதற்கு வழி எத்தனையோ உண்டு. அதற்காகப் படத்தையே அழிப்பானேன் என்று கேட்டவர்களுக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஜான் டர்ஹம் என்ற அரசாங்க வக்கீல் மூன்று வருஷம் துருவி விசாரித்தார். முடிவில், 2010 நவம்பரில், நாடாக்களை அழித்ததற்காக யார் மீதும் வழக்குப் போடுவதற்கில்லை என்று கை கழுவப்பட்டது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. படம் போனாலும் எழுத்து மிச்சமிருந்தது. சிறையிலிருந்து தலைமை அலுவலகத்துக்குத் தினந்தோறும் போன தந்திகளைக் கேட்டு வாங்கி அமெரிக்க ஸெனட்டின் உளவுத்துறைக் கமிட்டி பரிசீலனை செய்தது. ஆராய்ச்சி வளர்ந்து 6,000 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையாயிற்று. அதன் சுருக்கம் 2014 டிசம்பரில் வெளியானபோது உலகமே அருவருத்தது. 92 நாடாக்களை ஒழித்ததன் பலன் இது!

அமெரிக்கா தூர தேசம். நாம் நம் பக்கத்துக்கே வருவோம். இராஜபாளையத்திலிருந்து காலையில் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர் சாத்தான்குளம். அங்கே நடந்ததில் உளவு ஸ்தாபனமும் இல்லை, இரகசியச் சிறையும் இல்லை. கடைத் தெருவுக்கு அருகிலுள்ள ஒரு சாதாரணப் போலீஸ் ஸ்டேஷன்தான்.

2020-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி. கொரோனா ஊரடங்குக் காலம். ஊரடங்கு விதியை மீறினார் என்று ஜெயராஜ் என்ற வியாபாரியைப் போலீஸார் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். தகப்பனாரைத் தேடிப் பின்னாலேயே போனார் அவருடைய மகன், செல்போன் கடை நடத்தி வந்த பென்னிக்ஸ். இரவு முழுதும் அடி. மறுநாள் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு பெற்று இருவரையும் கோவில்பட்டி சப்-ஜெயிலில் அடைத்தார்கள். ஜூன் 22-ந் தேதி இரவு மகன் இறந்தார். 23-ந் தேதி காலையில் தகப்பனார் இறந்தார்.

சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை இவ்விஷயத்தைத் தானாகவே கையில் எடுத்துக்கொண்டது. அதன் உத்தரவுப்படி கோவில்பட்டி மாஜிஸ்டிரேட் பாரதிதாசன் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குச் சென்று விசாரித்தார். கண்காணிப்புக் காமிராவின் பதிவைக் கேட்டார். காமிரா இருந்தது. பதிவு செய்யும் ஹார்ட் டிஸ்கும் இருந்தது. அதில் ஒரு டெராபைட் இடமும், அதாவது நாள் கணக்கில் படத்தைச் சேர்த்து வைக்கப் போதுமான இடமும், தாராளமாக இருந்தது. ஆனால் அன்றன்று எடுத்த படம் அன்றன்றே அழிந்து போகும்படி யந்திரத்தை முடுக்கி வைத்திருந்தார்களாம்! ஜூன் 19-ந் தேதி இரவின் படம் இல்லவே இல்லை.

அமெரிக்காவில் அழிப்பதற்கு ஒரு பெரிய மனிதர் உத்தரவு போட வேண்டியிருந்தது. இங்கே அந்தச் சிரமம் கூட இல்லை. உத்தரவை யந்திரமே தினந்தோறும் நிறைவேற்றி வந்தது.

ஹைகோர்ட்டார் உடனே அபூர்வமான ஒரு காரியம் செய்தார்கள். தடயங்கள் மறையாதபடி அந்தப் போலீஸ் ஸ்டேஷனையே ரெவினியூ அதிகாரிகளின் பொறுப்பில் ஒப்புவிக்கச் செய்தார்கள். ஆனால் யந்திரம் மறந்ததை ஒரு மனுஷி மறக்கவில்லை. அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், இரவு முழுதும் இருவரையும் அடித்தார்கள் என்றும், லத்தியிலும் மேஜையிலும் இரத்தக் கறை இருக்கிறது, அழித்துவிடுவார்கள், உடனே கைப்பற்றுங்கள் என்றும் மாஜிஸ்டிரேட்டிடம் சொன்னார். கையெழுத்துப் போட முதலில் அஞ்சினார், பிறகு போட்டார். மத்தியப் புலனாய்வுத் துறை ஒன்பது போலீஸார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததற்கு அந்தக் கையெழுத்து எவ்வளவு துணையாயிருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

கும்பினி ஆட்சியை நாம் எவ்வளவோ திட்டியிருக்கிறோம். திட்டத்தான் வேண்டும். ஆயினும் சென்னை ராஜதானியில் ஜனங்களைக் கிட்டி போட்டும் அண்ணாந்தாள் பூட்டியும் வதைப்பதைப் பற்றிக் கூச்சல் எழுந்தபோது, அந்தக் கும்பினி சர்க்காரே ஒரு கமிஷனை நியமித்து, தன் சிப்பந்திகளுடைய அவமானத்தை 1855-ல் அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டது. பிற்பாடு 1872-ல் வந்த சாட்சியச் சட்டம், போலீஸ்காரரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று விதித்தது. அந்நிய சர்க்காருக்கே தன் போலீஸிடம் அவ்வளவுதான் நம்பிக்கை!

அதே சட்டத்தின் 114-வது பிரிவில் இன்னொரு நியாயமும் உண்டு. கையில் உள்ள சாட்சியத்தை ஒருவன் கொண்டுவராமல் மறைத்தால், அது அவனுக்குப் பாதகமானது என்று கோர்ட்டார் அனுமானிக்கலாம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் 119-வது பிரிவாக இது நிலைத்திருக்கிறது. படத்தை அழித்தவர்கள் சாட்சியை ஒழித்துவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் தங்களுக்கு விரோதமாகப் புதிய சாட்சி ஒன்றை உண்டாக்கி வைக்கிறார்கள்.

சாத்தான்குளத்துக்குப் பிறகு, 2020 டிசம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பரம்வீர் சிங் வழக்கில் நல்ல உத்தரவு ஒன்று பிறப்பித்தது. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் வாசல், வராந்தா, லாக்கப், இன்ஸ்பெக்டர் அறை உட்பட எந்த மூலையும் விடாமல் காமிரா வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும். படத்துடன் பேச்சும் பதிவாக வேண்டும். 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருஷமாவது, பதிவைக் காப்பாற்ற வேண்டும். சி.பி.ஐ., என்.ஐ.ஏ. முதலிய மத்திய ஸ்தாபனங்களின் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

எல்லாம் சரி. ஆனால் காமிராவை ஓட விடுவதும், பழுது பார்ப்பதும், பதிவைப் பாதுகாப்பதும் யார் பொறுப்பு? அந்தந்த ஸ்டேஷன் அதிகாரியின் பொறுப்பாம்! இராஜபாளையத்து மில் ஒன்றில் கணக்குப்பிள்ளையே தன் கணக்கைத் தணிக்கை செய்துகொள்ள முதலாளி சம்மதிப்பாரா? காவலுக்குப் பெயர்போன நம் ஊர் நாயை வாங்கிக் கட்டியவர், அதன் வாய்க்கட்டை வழிப்போக்கன் கையில் கொடுத்து வைப்பாரா? 2025 செப்டம்பரில், போலீஸ் ஸ்டேஷன்களில் காமிராக்கள் வேலை செய்யவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தானாகவே வழக்கெடுக்க நேர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆகவே ஜில்லாவில் எந்த ஸ்டேஷனில் பதிவாகும் படமானாலும் அதன் ஒரு பிரதி அந்த ஸ்டேஷனுக்கு வெளியே, கோர்ட்டின் பாதுகாப்பில், உடனுக்குடன் போய்ச் சேர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜில்லாக் கோர்ட்டு இருக்கிறது. பூட்டு போலீஸாரிடம் இருக்கட்டும். சாவி அங்கே இருக்கட்டும். நல்ல போலீஸ்காரருக்கு இதனால் நஷ்டமில்லை. பொய்ப் புகாரிலிருந்து அவரைக் காப்பாற்றுவதும் அதே படந்தான்.

அதுவரையில் குடும்பஸ்தர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உற்றார் ஒருவரை ஸ்டேஷனுக்குக் கொண்டு போனால், தேதியையும் மணியையும் அப்போதே எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்க வேண்டுமென்று கலெக்டருக்கும் மாஜிஸ்டிரேட்டுக்கும் மனித உரிமைக் கமிஷனுக்கும் மறுநாளே மனுப் போடுங்கள். மனுவின் நகலை வீட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். அந்த நகலை மட்டும் எந்த யந்திரமும் தானாக அழித்துவிட முடியாது.