செம்பருத்தியா, வெட்டிவேரா?

விடுதிக்குப் பின்னாலுள்ள சரிவில் என்ன நடலாம் என்று பேச்சு எழுந்தபோது, நண்பர்கள் பலரும் செம்பருத்திக்கே கை தூக்கினர். 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூ. கிளையை ஒடித்து ஊன்றினாலே துளிர்த்துவிடும். எனக்கும் பிடித்ததுதான். ஆனால், ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சரிவின் மண் கரைந்து வடிகாலை அடைக்கிறதே!

வெட்டிவேர்ப் புல்லில் கண்ணைக் கவரும் மலர் இல்லை. ஆனால் அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல், நல்ல மண்ணில் 3 மீட்டர் வரை நேராக இறங்கும். சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக நட்டால், அரித்துவரும் மண்ணை வேலிபோல் தடுத்து நிறுத்தும். ஆங்கிலத்தில் அதன் பெயரே தமிழிலிருந்து சென்றதுதான். நாமோ அதை மறந்துவிட்டோம்.

வாசலில் செம்பருத்தி பூக்கட்டும். சரிவில் வெட்டிவேரை நடுவோம். மண் நின்றால்தானே பூவும் நிற்கும்?