சர்ச்கேட்டில் இறங்குகிறோம், சர்ச்சைப் பார்த்தோமா?

தினமும் காலையில் சர்ச்கேட் ஸ்டேஷனில் இறங்கி ஆபீசுக்கு ஓடுகிற நம்மவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பெயருக்குரிய சர்ச் எங்கே என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். நானும் ரயில்வே குமாஸ்தாதான். பதினான்கு வருஷமாக அந்தப் பெயரை ரிஜிஸ்தரில் எழுதி வருகிறேன். போன மாதம் வரை உள்ளே கால் வைத்ததில்லை.

இத்தனைக்கும் நடக்கிற தூரம்தான். வீர் நரிமன் சாலையில் ஃபுளோரா ஃபவுண்டனைத் தாண்டி, ஹார்னிமன் சர்க்கிளுக்குச் சற்று முன்னால் நிற்கிறது புனித தோமா பேராலயம். பழைய பம்பாய்க் கோட்டையில் இந்தக் கோவிலுக்குப் போகும் வாசல்தான் 'சர்ச் கேட்'. 1860-களில் கோட்டைச் சுவரை இடித்தார்கள். வாசல் போயிற்று, பெயர் மட்டும் ரயிலில் ஏறிக்கொண்டது.

வழி தெரியாமல் நான் போகாமல் இல்லை. மனம் வரவில்லை.

நான் நெல்லைச் சீமைக் கிறிஸ்தவன். பதினோரு வருஷத்துக்கு முன்பு அப்பா இறந்தபோது எங்கள் ஊர்ச் சபையில் மூன்று வருஷ சங்கக் காணிக்கை பாக்கி. படுக்கையில் கிடந்த மனுஷன் எங்கே போய்க் கட்டுவார்? பாக்கி தீராமல் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட முடியாது என்றார்கள் கமிட்டிக்காரர்கள். அம்மா கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. மூன்று மணிக்கு எடுக்க வேண்டிய பெட்டியை இருட்டிய பிறகு எடுத்தோம். ரசீது என் கையில் தந்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் கோவிலுக்கும் போகவில்லை.

போன மாதம் அம்மா மும்பை வந்தாள். "ஏய்யா, பெரிய கோயில் ஒண்ணு இருக்காமே, கூட்டிட்டுப் போ" என்றாள். மறுக்க முடியவில்லை.

வெளியே வெயிலும் ஹாரன் சத்தமும். உள்ளே நுழைந்ததும் வேறு உலகம். உயரமான தூண்கள், வண்ணக் கண்ணாடி வழியாகத் தரையில் விழும் நீலமும் சிவப்பும், சுவரெங்கும் வெள்ளைக் கல் சிற்பங்கள். கவர்னராக இருந்து 1811-ல் இறந்த ஜோனதன் டங்கனுக்கு ஒரு சிற்பம் இருக்கிறது. பெண் சிசுக்களைக் கொல்லும் வழக்கத்தை நிறுத்தப் பாடுபட்டதற்காக அதில் குழந்தைகளையும் செதுக்கியிருக்கிறார்கள். அம்மா அந்தக் குழந்தைகளின் முன்னால் வெகு நேரம் நின்றாள்.

1676-ல் தொடங்கிய கட்டடம் சுவர் அரைகுறையாக நின்று, ரிச்சர்டு காப் என்ற பாதிரியார் வசூல் செய்து முடித்து, 1718 கிறிஸ்துமஸ் அன்று திறக்கப்பட்டது. (நம்மூர்க் கோபுர வேலைகளும் இப்படித்தானே!) பழைய பம்பாயின் மைல்கற்களுக்குத் தூரம் அளந்தது இங்கிருந்துதான். ரயில்வேக்காரனான எனக்கு அது பிடித்திருந்தது.

பிடிக்காததும் உண்டு. ஆரம்பத்தில் இங்கே இருக்கைகளை அந்தஸ்துப்படி பிரித்திருந்தார்களாம். 'தாழ்ந்த பெண்கள்' என்று தனியாக ஒரு பகுதியே இருந்ததாம். வெள்ளைக்காரனை மட்டும் சொல்வானேன்? வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதிக்காகக் கட்டிய சுவர் 1910-ல் இடிக்கப்படும் வரை நிற்கவில்லையா? இவ்வளவு அழகாகக் கட்டத் தெரிந்த கைகளுக்கு இந்தப் புத்தியும் இருந்திருக்கிறது.

கோவில் யார் பெயரில் என்பதை அப்போதுதான் யோசித்தேன். நம் பரங்கிமலையில் உயிர்விட்டதாகச் சொல்லப்படும் அதே தோமா. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்னவர். அவர் வீட்டில் எனக்கும் ஒரு பெஞ்சு இருக்கலாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எந்தச் சபை, என்ன பாக்கி என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு, காணிக்கைப் பெட்டியில் ஐம்பது ரூபாய் போட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. "அப்பாவை வாசல்ல போட்டு வச்சது மறந்துபோச்சா?" என்றேன்.

"மறக்கலய்யா. நான் அவுகளுக்கா போட்டேன்?" என்றாள்.

காணிக்கையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும், உபதேசியாருக்குச் சம்பளம் தர வேண்டும். உயிரோடு இருப்பவனிடம் பத்துத் தவணையாகக் கேளுங்கள். பிணத்தை நிறுத்திக் கேட்காதீர்கள். இந்து நண்பர்கள் இதைக் கிறிஸ்தவர் சங்கதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். கொடைக்கு வரி கட்டாத வீட்டை ஊரே தள்ளிவைத்த கதை உங்கள் பக்கத்திலும் உண்டு. மும்பையில் நாமே நடத்தும் சபைகளிலும் கோவில் கமிட்டிகளிலும் இப்படி ஒரு விதி இருந்தால், அடுத்த பொதுக்கூட்டத்திலேயே அதை அடித்துவிடலாம். தீர்மானம் எழுத ஒரு தாள் போதும்.

இப்போது வாரம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய்ப் பத்து நிமிஷம் உட்காருகிறேன். ஜெபம் வருவதில்லை. உட்கார்ந்திருக்கப் பிடித்திருக்கிறது.

ஊர் போய்ச் சேர்ந்த அம்மா நேற்று போன் செய்தாள். சபை நோட்டில் என் பெயருக்கு நேரே பதினோரு வருஷப் பாக்கி நிற்கிறதாம். கட்டிவிடவா என்று கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.