செலானை மறைக்க வேண்டாம் தோழர்களே

பனித்திட்டிலிருந்து லாரி ஓட்டப் போகும் நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறோம். வழியில் செலான் போட்டால் ஓனரிடம் சொல்வதில்லை. சொன்னால் பேட்டாவில் பிடிப்பார், வண்டியை விட்டு இறக்கிவிடுவார் என்ற பயம். ஆனால் இ-செலான் வண்டி நம்பரில்தான் விழுகிறது. ஓனருக்கு எப்படியும் தெரிந்துவிடும். மறைத்த பழி மட்டும் டிரைவருக்கு மிச்சம்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அந்த லோடை ஏற்றச் சொன்னது யார்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 113(4) சொல்வது இதுதான்: ஓட்டியவர் உரிமையாளர் இல்லை என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவின்படியோ அது நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். டிரைவரிடம் விளக்கம் கேட்காமல் சம்பளத்தில் அபராதமோ நட்டமோ பிடிக்க ஊதியச் சட்டமும் இடம் தரவில்லை.

சட்டம் இருந்தும் வாய் திறக்க முடியாதது ஏன்? “எடுடா வண்டிய” என்பவரிடம் “பாரம் அதிகம்” என்று சொல்லும் துணிச்சலைத்தான் சாதி நம்மிடமிருந்து பறித்து வைத்திருக்கிறது. 1938இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசிய அண்ணல் அம்பேத்கர், பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகளைச் சுட்டினார். லாரி கேபினில் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன.

படிக்கும் தோழர்களே, ஊரில் டிரைவர் அண்ணன்களிடம் பேசுங்கள். செலான் வந்த அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள். எடைச் சீட்டைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேகமாக ஓட்டியது நம் தவறென்றால் ஒப்புக்கொள்வோம். அவர்கள் ஏற்றிய பாரத்துக்கு நாம் கட்ட மாட்டோம்.

ஜெய்பீம்!