உடையாச் சில்லு என்னும் மயக்கம்

வார்ப்புச் சில்லுக்கு அழிவில்லை என்போர் இன்றும் உளர். 1970களின் நடுப்பகுதியில் கலிபோர்ணியாவின் றெடிங் நகரிலிருந்து ஸ்கைவே நிறுவனம், கண்ணாடி நார் கலந்த நைலோனில் ஐந்து ஆரைகளோடு வார்த்தளித்த ‘ரஃப் வீல்’ அவர்தம் முதற் சான்று. மண்தடத்திற் பாய்ந்த பீ.எம்.எக்ஸ். சிறுவரின் கம்பிச் சில்லுகள் நாளும் நெளிந்த காலத்தில், வளைந்து மீண்ட அந்தச் சில்லு பெற்ற புகழ் தகுதியானதே.

ஆனால் வித்தைச் சவாரிக்கும் அதே சான்றை நீட்டுவது பொருந்துமா? அங்கே சில்லு நேராக விழுவதில்லை. சுழன்றபடி, சரிந்தபடி, ஓட்டுநரின் முழுப் பாரத்தோடு ஓரத்தில் இறங்குகிறது. வளைந்து மீளும் அதே குணம் ஒவ்வோர் இறக்கத்திலும் ஆரையின் அடியைச் சிறிது சிறிதாக நையச் செய்கிறது. கீறல் விழுந்தபின் செய்வதற்கு எதுவுமில்லை. சில்லு முழுவதும் குப்பைக்கே. (பிறேக்கின் கதை வேறு: நைலோன் வெப்பத்தை எளிதிற் கடத்தாது, விளிம்பு சூடேறப் பிடி தளரும்.)

36 கம்பிகளில் ஒன்று அறுந்தால் ஏனையவை பாரத்தைப் பகிர்ந்து ஓட்டுநரை வீடு சேர்க்கும். புதுக்கம்பி ஒன்றும் முறுக்கும் சாவி ஒன்றும் போதும். நெளிந்த விளிம்பையும் பெரும்பாலும் நேராக்கலாம். “அடிக்கடி பழுதாகிறதே” என இகழ்வோர், பழுதுபார்க்க இயலுதலையே பலவீனம் என எண்ணிவிட்டனர். வித்தை ஓட்டுநருட் பெரும்பாலோர் இன்று கம்பிச் சில்லிலேயே ஓடுகின்றனர். நைலோன் சில்லை நிறத்துக்காக வாங்குவோர் வாங்கட்டும். உறுதிக்கென்று சொல்லிச் சிறுவனொருவனின் சேமிப்பை அதிற் கொட்டச் செய்வோர், முதற் கீறல் விழும் நாளில் அவனுக்கு என்ன விடை கூறுவர்?