400 கேண்டி, ஒரு மேஜிகார்ப்... பாகூர் ஏரிக்கரையில கியாரடோஸ் வளர்க்க முடியுமா?

போகிமான் கோ ஆடுறவங்க எல்லாருக்கும் இந்தச் சிவப்பு மீனைத் தெரியும். பேரு மேஜிகார்ப். சண்டையில இறக்கிவிட்டா தண்ணியில துள்ளும். அவ்வளவுதான்! எதிராளிக்கு ஒரு கீறல்கூட விழாது. ஆனா, இந்த உதவாக்கரை கெண்டை மீன்தான் எவால்வ் ஆனதும் கியாரடோஸ்ங்கிற ராட்சத நீர்ப்பாம்பா மாறும். எவ்வளவு வளர்த்தாலும் மேஜிகார்ப்போட சிபி சுமார் 300-லயே நின்னுடும். முழுசா வளர்த்த கியாரடோஸோ 3,000-ஐத் தாண்டி நிக்கும்.

நடுவுல இருக்கிற சுவர், 400 கேண்டி. ஆரம்பத்துல கிடைக்கிற பிட்ஜி, கேட்டர்பி எல்லாம் 12 கேண்டியில எவால்வ் ஆகிடும். அப்படின்னா வில்லியனூர்லயோ பாகூர்லயோ இருந்து ஆடுற ஒருத்தர் இந்த 400-ஐ எப்படிச் சேர்க்கிறது?

முதல்ல கணக்கு

ஒரு மேஜிகார்ப்பைப் பிடிச்சா 3 கேண்டி. அதை புரொஃபசருக்கு அனுப்பினா இன்னொண்ணு. ஆக மொத்தம் 4. அப்படிப் பார்த்தா 100 மீன் பிடிக்கணும். பைனாப் பெர்ரி கொடுத்துப் பிடிச்சா 3 கேண்டி 6 ஆகும். அனுப்புறதையும் சேர்த்தா 7. அப்போ 58 மீன் போதும்.

இன்னொரு வழி நடை. மேஜிகார்ப்பை பட்டியா வெச்சுக்கிட்டா ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கேண்டி. அட்வெஞ்சர் சிங்க்கை ஆன் பண்ணிட்டா, ஆப் மூடியிருந்தாலும் நடந்த தூரம் ஏறும். பஸ்ஸுல போற தூரம் கணக்குல வராது. வேகம் கூடினா ஆப் கண்டுபிடிச்சிடும்.

ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. தினம் 3 கிலோமீட்டர் நடந்தா மாசத்துக்கு 90. வாரம் 10 மீனை பைனாப்போட பிடிச்சா, நாலு வாரத்துல 280. மொத்தம் 370. அஞ்சாவது வாரம் கியாரடோஸ் உங்க கையில!

கிராமத்துல கணக்கு எங்கே உதைக்குது?

நீர்நிலைகள் பக்கம் தண்ணி வகை போகிமான்கள் அதிகமா வரும். வில்லியனூர் பக்கம் சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும் இருக்கு. பாகூருக்கு அதோட பெரிய ஏரியே இருக்கு. அதனால மீனைத் தேடி அலைய வேண்டியதில்ல. சிக்கல் பந்துல. போகிபால் பெரும்பாலும் போகிஸ்டாப்பைச் சுத்தித்தான் கிடைக்கும். அந்த ஸ்டாப்தான் கிராமத்துல குறைச்சல்.

ஏன்னு கேட்டா, அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. நியான்டிக் நிறுவனம் முதல்ல இன்கிரஸ்னு ஒரு கேம் விட்டுச்சு. அதை ஆடினவங்க தங்களைச் சுத்தி இருந்த சிலை, கோயில், பூங்காவை எல்லாம் பரிந்துரைச்சாங்க. 2016-ல போகிமான் கோ வந்தப்போ அந்த இடங்கள்தான் ஸ்டாப்பா மாறுச்சு. ஆள் அதிகமா ஆடின நகரங்களுக்கு லாபம். அதே வருஷம் டிசம்பர்ல ஜியோவோட கைகோத்து இந்தியாவுக்கு அதிகாரபூர்வமா வந்தப்போ, ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகளும் ஸ்டாப் ஆச்சு. அந்தக் கடைகளும் பெரும்பாலும் டவுன்லதான். புதுச்சேரி பீச் ரோட்டுல நின்னுட்டு ஆடுறவருக்கும், பாகூர் வயல் வரப்புல நின்னுட்டு ஆடுறவருக்கும் ஒரே கேம்தான். ஆனா ஒரே ஆட்டம் இல்ல.

2023 ஏப்ரல்ல இந்த இடைவெளி இன்னும் பெருசாச்சு. வீட்டுல இருந்தே ரெய்டுல கலந்துக்கிற ரிமோட் ரெய்டு பாஸோட விலை 100 காயின்ல இருந்து 195 ஆனது. ஒரு நாளைக்கு இத்தனைதான்னு வரம்பும் வந்துச்சு. ஜிம்ல போகிமானை நிறுத்தி ஒரு நாளைக்கு அதிகபட்சம் 50 காயின்தான் சம்பாதிக்க முடியும். பக்கத்துல ஜிம்மே இல்லாதவங்களுக்கு அதுவும் கிடையாது. ஊர்ல நாலு பேர் சேராத இடத்துல ரிமோட் ரெய்டுதான் ஒரே கதவு. அதுவும் பாதி சாத்தியாச்சு. உலகம் முழுக்க ஆடுறவங்க எதிர்ப்பு தெரிவிச்சாங்க. விலை இறங்கல.

2025 மே மாசத்துல இந்த கேம் ஸ்கோப்லி நிறுவனத்தோட கைக்குப் போயிடுச்சு. ஸ்கோப்லியோட முதலாளி, சவூதி அரசு நிதியில நடக்கிற சாவி கேம்ஸ். 350 கோடி டாலர் கொடுத்து வாங்கினவங்க காசைத் திரும்ப எடுக்கத்தான் பார்ப்பாங்க. 2023-லயே 800-க்கும் மேற்பட்ட போகிமான் பேர்களை இந்திக்கு மாத்தின கேம் இது. தமிழ்ல வேணும்னா நாமதான் சத்தமா கேட்கணும்.

காசு போடாம என்ன பண்ணலாம்?

* கிஃப்ட்: ஸ்டாப் இல்லாத ஊருக்கு இதுதான் ரேஷன். சென்னையிலயோ புதுச்சேரி டவுன்லயோ இருக்கிற அண்ணன், அக்கா, கிளாஸ்மேட்டை ஃப்ரெண்டா சேருங்க. அவங்க சுத்துற ஸ்டாப்ல கிடைக்கிற கிஃப்ட்டை உங்களுக்கு அனுப்பலாம். திறந்தா பந்து கிடைக்கும். ஆனா, கிஃப்ட்ல அது எந்த ஸ்டாப்ல எடுத்ததுன்னு படத்தோட தெரியும். முன்பின் தெரியாதவங்களுக்கு தினமும் உங்க தெருக்கோடி ஸ்டாப் கிஃப்ட்டை அனுப்பாதீங்க.

* நடை: வாரத்துக்கு 25, 50 கிலோமீட்டர் நடந்தா அட்வெஞ்சர் சிங்க் பரிசுல பந்து வரும்.

* புது ஸ்டாப்: குறிப்பிட்ட லெவலைத் தாண்டினதும் நீங்களே உங்க ஊர் இடத்தைப் பரிந்துரைக்கலாம். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில், லூர்து மாதா திருத்தலம், பாகூர் மூலநாதர் கோயில் மாதிரி பேர்போன இடங்கள் மேப்ல ஏற்கெனவே இருக்கான்னு முதல்ல பாருங்க. பிறகு உங்க ஊர் நூலகம், விளையாட்டுத் திடல், பழைய சுமைதாங்கிக் கல்னு யோசிங்க. தனியார் வீடும் பள்ளிக்கூடமும் ஏத்துக்க மாட்டாங்க.

கோயில்ல ஆடும்போது ஒண்ணை மனசுல வைங்க. வழிபாட்டு இடங்கள்ல இந்த கேமோட முட்டை வர்றதை எதிர்த்து 2016-லயே குஜராத் உயர் நீதிமன்றத்துல வழக்கு போனது. சந்நிதி முன்னாடி போனைத் தூக்கிப் பிடிக்காதீங்க. வெளிப்பிராகாரத்துல நின்னே சுத்திக்கலாம்.

400 சேர்ந்தாச்சு... அவசரப்படாதீங்க!

எவால்வ் பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி, பிடிச்ச மீன்களை அப்ரைஸ் பண்ணிப் பாருங்க. மேஜிகார்ப்புக்கு இருக்கிற தரம்தான் கியாரடோஸுக்கும் வரும். மூணு நட்சத்திர மீனை மட்டும் வைங்க, மத்ததை அனுப்பிடுங்க. ஸ்டார்டஸ்ட்டை எவால்வ் ஆன பிறகு செலவழிங்க. 2020 ஆகஸ்ட்ல நடந்த மேஜிகார்ப் கம்யூனிட்டி டே மாதிரி நாள் திரும்ப வந்தா, அன்னிக்கு ஒரே நாள்ல பாதிக் கிணறு தாண்டிடலாம்.

கியாரடோஸ் தண்ணியும் பறக்கும் வகையும் சேர்ந்தது. நெருப்பு, பாறை, மண் வகைகளை அடிச்சு நொறுக்கும். ஆனா மின்சார வகை முன்னாடி மட்டும் இறக்காதீங்க. அடி ரெண்டு மடங்கு பலவீனத்துல விழும். பிகாச்சூகூட உங்க ராட்சதனைச் சாய்ச்சிடும்!

வீட்டுல கேட்டா?

'ஆன்லைன் கேமைத்தான் தடை பண்ணிட்டாங்களே'ன்னு அப்பா கேக்கலாம். 2025 ஆகஸ்ட்ல வந்த மத்தியச் சட்டம் தடுக்கிறது காசு கட்டி காசு ஜெயிக்கிற விளையாட்டுகளை. இது அந்த வகை இல்லைன்னு பொறுமையா சொல்லுங்க. ஆனா, இதுலயும் காயின் வாங்க காசு போகும். அப்பாவோட யூபிஐ பின்னைத் தொடாம இருந்தாத்தான் உங்க வாதம் நிக்கும்.

அம்மாவோட பயம் வேற. அது நியாயமான பயம். வில்லியனூர் வழியா விழுப்புரம் நெடுஞ்சாலை போகுது. பைக் ஓட்டிக்கிட்டே திரையைப் பார்க்காதீங்க. 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ சங்கராபரணியும் தென்பெண்ணையும் எப்படிப் பெருக்கெடுத்துச்சுன்னு ஊரே பார்த்துச்சு. மழைக்காலத்துல, இருட்டுல, ஏரிக்கரைக்குப் போகவே வேணாம். மீன் நாளைக்கும் வரும்.

மேஜிகார்ப்பை யாரும் வேண்டாம்னு தூக்கிப் போடுறதில்ல. 400 வரைக்கும் பொறுத்தா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர் மேப்பும் இப்போதைக்கு மேஜிகார்ப் நிலைமையிலதான் இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் நடக்கப் போறப்போ உங்க ஊர்ல எந்த இடம் ஸ்டாப் ஆகலாம்னு ஒரு போட்டோ எடுத்து வைங்க. லெவல் வந்ததும் அனுப்பிடலாம்!