பை மாட்டி அனுப்பினால் போதுமா?

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்து, வயிற்றில் மலம் வெளியேற வழி அமைத்து, பை பொருத்தி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கொலாஸ்டமி என்னும் இந்தச் சிகிச்சை உயிரைக் காக்கிறது. ஆனால் நோயாளியின் அன்றாடப் பாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பை நிரம்பிவிடுமே என்று சாப்பாட்டைக் குறைத்தால் வெறும் குடலில் வாயு சேர்ந்து பை உப்பும், உடம்பும் தேறாது. கசிவுக்குப் பயந்தே இரவுத் தூக்கம் கெடும். புதிதாக ஒரு மருந்து சேர்ந்தால் நிலைமை மறுபடி மாறும்: மார்ஃபின் மலத்தை இறுக்கும், ஆன்டிபயாட்டிக் இளக்கும், இரும்புச்சத்து மாத்திரை கறுப்பாக்கும். அந்தக் கறுப்பு மாத்திரையால் வந்ததா, ரத்தமா என்று கேட்க ஆளில்லாமல் வீடே கலங்கும். எனவே பையோடு, பயிற்சி பெற்ற செவிலியரின் தொடர் கவனிப்பும் அரசுச் சிகிச்சையில் சேர வேண்டும்.

இதைத் தொடங்கக் காஞ்சிபுரம் பொருத்தமான ஊர். 1969இல் புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சுற்றிலும் பட்டு நெசவாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. குழித்தறியில் உட்கார்ந்தால், நெய்த சேலை சுருளும் படமரம் வயிற்றையொட்டி நிற்கும். அறுவைக்கு முன் படுத்த நிலையில் மட்டும் பார்த்து, வயிற்றில் வழி அமைக்கும் இடத்தைக் குறித்தால், பிறகு அந்த மரம் பையில் உரசும். குனியும்போது மடிப்பில் ஒட்டு விடும். நோயாளியை உட்காரவைத்து, குனியச் சொல்லி இடம் குறிப்பது இதற்கென்று பயின்ற செவிலியரின் வேலை. இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடிப்பது, மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் பையைக் காலி செய்வது, படுக்கும் முன் மறுபடி பார்ப்பது ஆகியவற்றையும் அவரே பழக்கிவிடலாம்.

வீடு திரும்பும் நாளில் எல்லாம் சொல்லித்தானே அனுப்புகிறோம் என்பார்கள். வலியோடும் அசதியோடும் கேட்பது எத்தனை நாள் நினைவிருக்கும்? கீமோ தொடங்கியதும் பசியும் மலப்போக்கும் மாறும்போது அந்த அறிவுரை போதாது. செலவு, ஆள் பற்றாக்குறை என்ற தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்கான பைகளையும் வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. வழி போட்டாயிற்று, கொலாஸ்டமி பையும் அதே வழியில் போகலாம். சர்க்கரை நோயாளிகளோடு ஒப்பிட்டால் இவர்கள் மிகச் சிலர் என்பதால் சுமையும் சிறிதே. எண்ணிக்கை குறைவு என்பது இவர்களை மறப்பதற்குக் காரணமாகக் கூடாது. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உடனே தொடங்கிவிட அதுவே காரணமாகட்டும்.