வட அயர்லாந்து அணிவகுப்புகள்

வட அயர்லாந்து அணிவகுப்புகள் எனப்படுபவை அங்கு பெரும்பாலும் கோடை மாதங்களில் நடைபெறும் தெரு ஊர்வலங்களாகும். பிரித்தானியாவுடனான இணைப்பை ஆதரிக்கும் புரட்டஸ்தாந்து அமைப்புகளே இவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்துகின்றன. 1795இல் தோன்றிய ஆரஞ்சு ஆர்டர் அவற்றுள் முதன்மையானது. 1690ஆம் ஆண்டின் போயின் போர் வெற்றியை நினைவுகூரும் சூலை 12 முக்கிய நாளாகும்.

ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஊர்வலங்கள் நடந்தாலும் சிறு பங்கே பிணக்குக்குரியது. பிணக்கு பெரும்பாலும் ஊர்வலத்தைப் பற்றியதன்று. அது செல்லும் தெருவைப் பற்றியது.

ஒழுங்குபடுத்தல்

போர்ட்டடவுன் நகரின் டிரம்கிரீ தேவாலயத்திலிருந்து கத்தோலிக்கர் வாழும் கார்வாகி சாலை வழியாகத் திரும்பும் ஊர்வலத்தை 1996இல் காவல்துறை முதலில் தடுத்தது. வன்முறை பரவியதும் அனுமதித்தது. பலத்தைக் காட்டுவோர் பக்கம் முடிவு சாயும் என்ற எண்ணத்தையே இது வலுப்படுத்தியது. முடிவெடுக்கும் பொறுப்பைத் தனி அமைப்பிடம் ஒப்படைக்க 1997இல் நோர்த் அறிக்கை பரிந்துரைத்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் அணிவகுப்புகள் ஆணையத்துக்கு அவ்வதிகாரத்தை வழங்கியது. ஊர்வலம் நடத்துவோர் 28 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். இறுதி ஊர்வலங்களுக்கு விலக்கு உண்டு. ஆணையம் வழி, நேரம் போன்றவற்றில் நிபந்தனை விதிக்கலாம். முற்றாகத் தடைசெய்யும் அதிகாரம் பிரித்தானிய அமைச்சரிடமே உள்ளது.

எண்ணிக்கை

ஆணையத்தின் புள்ளிவிவரங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1998இல் கார்வாகி சாலை மறுக்கப்பட்டபின் அங்குள்ள ஆரஞ்சுக் கிளை வாரந்தோறும் அறிவிப்புக் கொடுத்து வந்தது. ஒவ்வொன்றும் தனி ஊர்வலமாகவே பதிவாயிற்று. வட பெல்பாஸ்டில் 2013 சூலையில் ஆர்டோயின் வழியாகத் திரும்புவது மறுக்கப்பட்டதும் எதிர்ப்பு முகாம் அமைத்து இரவுதோறும் அணிவகுத்தனர். பிணக்குக்குரியவற்றின் எண்ணிக்கை பெருகியது. பெருகியவை பிணக்குகள் அல்ல, ஒரே பிணக்கின் பதிவுகள். உள்ளூர் உடன்பாட்டின்படி 2016 அக்டோபர் 1 காலையில் அவ்வூர்வலம் ஆர்டோயினைக் கடந்து சென்றது, முகாம் அகற்றப்பட்டது.